நெடுந்தீவில் குடும்ப விடுதி: கிணற்றிலிருந்து தொடங்குங்கள்

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் உள்ள நெடுந்தீவில் தம் வீட்டிலேயே இரண்டு அல்லது மூன்று அறைகளை ஒதுக்கி விருந்தினரைத் தங்க வைக்க விரும்பும் குடும்பங்களுக்காக இதனை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மூன்று அறைகள் உள்ளன. அவற்றை நடத்திப் பழகிய பிறகு, இதே தொழிலைத் தொடங்கிய சில குடும்பங்களுக்கு அருகிலிருந்து உதவியும் இருக்கிறேன். அவர்களுள் பெரும்பாலானோர் தடுமாறியதற்குக் காரணம் பணமோ உழைப்போ குறைந்தமை அன்று; செய்யவேண்டியவற்றை வரிசை மாறிச் செய்தமையே. முதலில் அறையைக் கட்டுகிறார்கள், பிறகு தண்ணீரைத் தேடுகிறார்கள். முதலில் முன்பதிவை ஏற்கிறார்கள், பிறகு படகு ஓடுமா என்று கேட்கிறார்கள்.

தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை சில: தெளிவான காணி உறுதி, ஓர் ஆண்டு வருமானம் இல்லாமலே வீட்டை நடத்தக்கூடிய சேமிப்பு, சமையலுக்கும் துப்புரவுக்கும் வீட்டில் குறைந்தது இரண்டு பேர், யாழ்ப்பாணத்தில் சாமான் வாங்கிப் படகில் ஏற்றிவிடக்கூடிய நம்பிக்கையான ஓர் உறவினர். கடைசியில் சொன்ன ஆளைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அவர் இல்லாவிட்டால் ஒரு குழாய் மூட்டு வாங்குவதற்கும் உங்களுக்கு ஒரு நாள் போய்விடும்.

1. ஒரு வருடம் காற்றையும் படகையும் எழுதி வையுங்கள்

புங்குடுதீவிலுள்ள குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவின் மாவிலித்துறைக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடற்பயணம். அந்த ஒரு மணித்தியாலம் நடக்குமா இல்லையா என்பதைப் பொறுத்தே உங்கள் விடுதியின் வருமானம் அமையும். ஆகவே முதல் வேலையாக ஒரு கொப்பியை எடுத்து, படகு ஓடிய நாள், ஓடாத நாள், தாமதித்த நாள், அன்றைய காற்று ஆகியவற்றைத் தினமும் குறித்து வையுங்கள். இது வெறும் பொழுதுபோக்கு என்று வீட்டார் சொல்லக்கூடும், பொருட்படுத்த வேண்டாம்.

வைகாசி தொடக்கம் புரட்டாசி வரை சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும். மழை இல்லாத காலம் என்பதால் வெளியூரார் இதனை நல்ல பருவம் என்று எண்ணுவார்கள். கடலோ பல நாள் குழம்பிக் கிடக்கும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடைக்காற்றும் பெருமழையும் வரும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால் சில நாட்களுக்குப் படகே இராது. தை முதல் சித்திரை வரையான காலமே இரு பக்கமும் அமைதியானது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் உறவுகளுக்குப் பள்ளி விடுமுறை கிடைப்பது ஆடி, ஆவணியில்தான். கடல் விரும்பும் மாதமும் விருந்தினர் விரும்பும் மாதமும் ஒன்றாக இராது என்பதை முதலிலேயே விளங்கிக்கொண்டால், பின்னர் வரும் பல தீர்மானங்கள் தாமாகவே தெளிவாகும்.

இரண்டு திருவிழாக்களையும் அதே கொப்பியில் எழுதுங்கள். ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் பெருந்திருவிழா நடக்கும்போது குறிகட்டுவான் துறை முழுவதும் அடியார்களால் நிறைந்திருக்கும். உங்கள் விருந்தினர் தம் வரிசை எது என்று தெரியாமல் நயினாதீவுப் படகில் ஏறிவிடுவதும் உண்டு. மாசி, பங்குனி அளவில் வரும் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் பல படகுகள் திருப்பிவிடப்படும். இவ்விரு காலங்களிலும் முன்பதிவை ஏற்குமுன் படகோட்டிகளிடம் கேட்பது அவசியம்.

2. காணியைச் சட்டப்படி சுத்தமாக்குங்கள்

எங்கள் தீவில் காணி இருக்கிறது, உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருக்கிறார். பெரியப்பாவின் வீட்டைத் திருத்தி விடுதியாக்கலாம் என்று வாய்ச்சொல்லில் உடன்பட்டுத் தொடங்கிய குடும்பங்கள், விடுதி நாலு காசு காணத் தொடங்கியதும் பங்காளிகளோடு பேச்சுவார்த்தை இல்லாமற் போனதைக் கண்டிருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவரிடமிருந்து அவர் சார்பில் செயற்படும் அதிகாரத்தை உங்களுக்குத் தரும், முறையாகப் பதிவுசெய்யப்பட்ட அற்றோணித் தத்துவத்தைப் பெறுங்கள். பிரிக்கப்படாத கூட்டுக் காணியாயின் எல்லாப் பங்காளிகளின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமைச் சட்டம் பொருந்துவதால், கணவன் மனைவி சொத்திலும் பங்காளிகள் உரிமையிலும் பொதுச் சட்டத்தில் இல்லாத சில கட்டுப்பாடுகள் உண்டு. அச்சட்டம் தெரிந்த நொத்தாரிசிடமே உறுதியைக் காட்டுங்கள்.

அடுத்தது கரையோர எல்லை. உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலத்தின் உட்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயமாகக் கொள்ளப்படுகிறது. அதற்குள் கட்டடம் எழுப்பவோ விரிவாக்கவோ கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கடலைப் பார்த்தபடி அறை இருந்தால்தான் ஆட்கள் வருவார்கள் என்பது புதியவர்களின் நம்பிக்கை. உட்பக்கத்தில் வேம்பின் நிழலில் உள்ள பழைய வீட்டுக்கு அனுமதிச் சிக்கலும் குறைவு, உப்புக்காற்றின் அரிப்பும் குறைவு. விருந்தினர் சைக்கிளில் பத்து நிமிடத்தில் கடலுக்குப் போய்விடுவார்.

வாசலை அகலமாக்குவதற்காகக் கல்வேலியைப் பிரிக்க வேண்டாம். சாந்து பூசாமல் அடுக்கிய அந்தப் பவளக்கல் வேலிகளைப் பார்க்கத்தான் பாதிப்பேர் வருகிறார்கள். அதோடு வேலியின் மறுபக்கம் அயலவருக்கும் உரியது.

3. தண்ணீர்: அறைக்கு முன் கிணறு

இந்தப் பகுதியை அவசரமின்றி வாசியுங்கள். நான் செய்த பெரிய பிழையும் இங்கேதான். முதல் இரண்டு அறைகளையும் இணைந்த குளியலறை, தூவிக்குழாய் எல்லாவற்றோடும் கட்டி முடித்தேன். தை மாதம் கிணற்றுத் தண்ணீர் நன்றாகவே இருந்தது. ஆவணியில் வந்த குடும்பம் தலைக்கு வைத்த ஷாம்பு நுரைக்கவில்லை என்று சொன்னபோதுதான், மோட்டாரால் நான் கிணற்றின் அடியிலிருந்த உவர்நீரை மேலே இழுத்துக்கொண்டிருப்பது விளங்கியது. மீண்டும் மழை பெய்யும்வரை அந்தக் கிணறு திருந்தவில்லை.

காரணம் இதுதான். நெடுந்தீவு சுண்ணக்கல்லும் பவளக்கல்லும் கொண்ட தட்டையான தீவு. மழைநீர் இந்தக் கல்லினூடாக இறங்கி, அடியில் கிடக்கும் கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லையாக மிதக்கிறது. நன்னீர் அடர்த்தி குறைந்தது என்பதால் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு சாண் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது சாண் ஆழத்துக்கு அது இருக்கும் என்பது பொதுக் கணக்கு. இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் ஆபத்து தெரியும்: மேலே ஒரு சாண் இறைத்தால் கீழிருந்து நாற்பது சாண் உவர் எழும்பப் பார்க்கும். பெரிய மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சில் இறைக்கும்போது கிணற்றுக்கு நேர் கீழே உவர் கூம்பாக மேலெழுகிறது. துலாவில் இறைத்த காலத்தில் இந்தச் சிக்கல் வராததற்கு, மனிதக் கை இறைக்கக்கூடிய அளவு சிறிது என்பதே காரணம்.

ஆகவே செய்யவேண்டிய ஒழுங்கு வருமாறு. முதலில் நீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் சிறு மானி ஒன்றை வாங்கி, ஒவ்வொரு வாரமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். லீற்றருக்கு 600 மில்லிகிராமுக்குக் கீழிருந்தால் குடிக்க நன்றாக இருக்கும். 1000ஐத் தாண்டினால் பெரும்பாலானோருக்குச் சுவை பிடிக்காது. தை மாத அளவை வைத்து முடிவெடுக்காமல், ஆவணி, புரட்டாசியில் கிடைக்கும் அளவையே உங்கள் கிணற்றின் உண்மையான தரமாகக் கொள்ளுங்கள். இரண்டாவதாக, அரைக் குதிரைவலுவுக்கு மேற்படாத சிறு மோட்டாரைப் பொருத்தி, காலை, மதியம், மாலை எனப் பிரித்து இறையுங்கள். உறிஞ்சுகுழாயின் வாய் அடித்தரையைத் தொடாமல் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும்.

மூன்றாவது, மழைநீர்த் தொட்டி. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். 100 சதுர மீற்றர் ஓட்டுக்கூரையில் 200 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 20,000 லீற்றர். சிந்தியதும் முதற் கழுவலும் போக 16,000 லீற்றராவது தொட்டிக்கு வரும். இப்போது தேவையைப் பாருங்கள். வீட்டார் ஐவர், விருந்தினர் அறுவர், ஆக 11 பேர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 லீற்றர் என்றால் 88 லீற்றர். ஆனி முதல் புரட்டாசி வரை 120 நாள் மழையே இல்லை என்று வைத்தாலும் 10,560 லீற்றர் போதும். எனவே 12,000 லீற்றர் கொள்ளளவுள்ள மூடிய தொட்டி ஒன்று இருந்தால், கோடை முழுவதும் குடிநீருக்கும் சமையலுக்கும் எவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. முதல் மழையின் பத்து, பதினைந்து நிமிட நீர் கூரைத் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவி வருவதால் அதை வெளியே விடுங்கள். தொட்டியின் ஒவ்வொரு துவாரத்தையும் நுளம்பு வலையால் மூடுங்கள். குடிப்பதற்கு முன் கொதிக்க வைத்து ஆறவிடுவதை எந்த நாளும் தவிர்க்க வேண்டாம்.

நான்காவது, குளிப்பு. தூவிக்குழாயின் கீழ் ஒருவர் நின்றால் 80 லீற்றர் போகும். வாளியும் கோப்பையும் என்றால் 40 லீற்றரில் நன்றாகக் குளித்து முடிக்கலாம். ஆறு பேர் இருவேளை குளித்தால் 960க்கும் 480க்கும் உள்ள வித்தியாசம் அது. அதைவிட, கிணற்றடியில் அள்ளிக் குளிப்பதை வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஒரு கொண்டாட்டமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கிணற்றடியைச் சுற்றி ஆளுயரக் கிடுகு வேலியும் வழுக்காத தரையும் இருந்தால் போதும். கடலில் குளித்துவிட்டு வருபவர் உடலைக் கழுவச் சற்று உவரான தண்ணீரே போதுமாகையால், அதற்கு வாசலில் ஒரு தனித் தொட்டி வையுங்கள்.

4. கழிவு கிணற்றைச் சேராதிருக்க

இந்தக் கல்லில் தண்ணீர் இறங்குவது போலவே கழிவும் வடிகட்டப்படாமல் விரைவாக இறங்கும். அடித்தளம் திறந்த மலக்குழி இங்கு பொருந்தாது. அடியும் பக்கமும் சீமெந்தால் அடைத்த இரு அறைத் தொட்டியைக் கட்டி, அதிலிருந்து வழியும் நீரை வாழைப்பாத்திக்கு விடுங்கள். உங்கள் கிணற்றிலிருந்து மட்டுமன்றி அயலவரின் கிணற்றிலிருந்தும் 100 அடிக்குக் குறையாத தூரம் இருக்குமாறு பாருங்கள். காணி ஒடுங்கியதாயின், அறையின் எண்ணிக்கையைக் குறைப்பதே சரி.

பிளாஸ்டிக் போத்தல்கள் தீவை விட்டு வெளியேற வேண்டுமானால் படகில்தான் போகவேண்டும். கண்ணாடிக் கூசாவில் கொதித்தாறிய நீரை வைத்தால் அந்தச் சிக்கலே இல்லை.

5. பதிவும் அனுமதியும்

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில், வீட்டார் வசிக்கும் வீட்டிலேயே விருந்தினரை ஏற்கும் வகையாகப் பதிவுசெய்வதே குடும்பங்களுக்கு இலகுவானது. அதற்கு முன்னதாகப் பிரதேச சபையின் வியாபார அனுமதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வை, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். சுகாதாரப் பரிசோதகரைக் கட்டடம் முடிந்த பிறகு அழைப்பது பொதுவான பிழை. வரைபடத்தோடு முன்கூட்டியே அழைத்தால், மலசலகூடத்தின் இடத்தையும் சமையலறை வடிகாலையும் தாளிலேயே திருத்திவிடலாம். கட்டியதை இடிக்க நேராது. வெளிநாட்டு விருந்தினரின் கடவுச்சீட்டு விபரங்களைப் பதிவேட்டில் எழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுங்கள்.

6. அறைகளைக் கட்டுதல்

இப்போதுதான் அறை. சீமெந்து, மணல், ஓடு எல்லாமே தரையில் ஒரு முறை, துறையில் ஒரு முறை, படகில் ஒரு முறை, மீண்டும் கரையில் ஒரு முறை என ஏற்றி இறக்கப்படுவதால், அக்கூலி பொருளின் விலையோடு போட்டி போடும். ஆகவே கட்டுமானப் பொருள் அனைத்தையும் பங்குனி, சித்திரைக்குள் கொண்டுவந்துவிடுங்கள். சோளகம் தொடங்கிய பிறகு நனையாத சீமெந்து மூடை கிடைப்பது அருமை.

விருந்தினர் அறைக்கு ஓட்டுக்கூரை போடுங்கள். மழைநீர் சேர்க்க அதுவே உதவும். பனையோலைக் கூரையின் குளிர்ச்சியும் அழகும் வேண்டுமென்றால் அதை விறாந்தைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓலையிலிருந்து வடியும் தண்ணீர் நிறமேறி வருவதால் தொட்டிக்கு ஆகாது. வைரம் பாய்ந்த பனந்தீராந்தி உப்புக்காற்றை இரும்பைவிட நன்றாகத் தாங்கும். கீல், திருகாணி, கொக்கி போன்ற சிறு பொருட்களைத் துருப்பிடிக்காத உருக்கில் வாங்குங்கள். விலை கூடினாலும், ஒவ்வொரு வருடமும் கதவைக் கழற்றும் வேலை மிச்சம்.

இரண்டு அறையோடு தொடங்குங்கள். ஐந்து அறை கட்டியவர்கள் நிரப்ப முடியாமல் திண்டாடியது ஒருபுறம், நிரம்பிய நாட்களில் தண்ணீர் தீர்ந்து திண்டாடியது மறுபுறம்.

7. மின்சாரம்

தீவுக்கு மின்சாரம் டீசல் மின்பிறப்பாக்கிகளிலிருந்து வந்து பழகிய ஒன்று. தடைகளை எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். மூன்று அறைக்கு மூன்று மின்விசிறிகள் 60 வாற்றில் பத்து மணித்தியாலம் ஓடினால் 1.8 அலகு, அறைக்கு இரண்டாக 9 வாற் விளக்குகள் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் 0.27 அலகு. இரவு முழுவதும் மின்சாரம் போனாலும் இரண்டு அலகுக்குச் சற்று மேல் தரும் பற்றரியும் சிறு சோலார்த் தொகுதியும் இருந்தால் விருந்தினர் அறியவே மாட்டார். 30 வாற்றில் ஓடும் புதுவகை மின்விசிறி வாங்கினால் அதிலும் பாதியளவே போதும். குளிரூட்டி ஒன்றே ஏறத்தாழ ஆயிரம் வாற் இழுக்கும் என்பதால், அதை வாக்களிப்பது உங்களால் நிறைவேற்ற முடியாத வாக்கு. உயரமான கூரை, எதிரெதிர் யன்னல், நல்ல நுளம்பு வலை ஆகிய மூன்றும் இருந்தால் அதைக் கேட்பவர் குறைவு.

8. சமையலறை: படகுக்கேற்ற சாப்பாட்டு ஒழுங்கு

தீவில் இரவு தங்கும் விருந்தினருக்கு உங்கள் சமையலறையை விட்டால் வேறு வழி அநேகமாக இல்லை. இதை ஒரு பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். விருந்தினர் கேட்டதைச் சமைக்கும் பட்டியல் ஒருநாளும் வேண்டாம். அன்று கிடைத்ததைச் சமைத்து எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்பதே நடைமுறைக்கு ஏற்றது. முன்பதிவின்போதே இதைச் சொல்லிவிட்டால் எவரும் முகம் சுளிப்பதில்லை.

மரக்கறி பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வருவதால், வாடக்கூடியதை முதலில் சமைக்கும் ஒழுங்கை வைத்துக்கொள்ளுங்கள். படகு வந்த நாளிலும் மறுநாளிலும் கீரையும் பயற்றங்காயும். அடுத்த இரு நாட்களில் கத்தரி, வெண்டி. அதன் பின் பூசணி, உருளைக்கிழங்கு, வெங்காயம். பூசணியைக் குறைசொல்லும் மருமகன்மார் எங்கள் வீட்டிலும் உண்டு. ஆயினும் படகு மூன்று நாள் நின்றபோது எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

மீனுக்குக் காலையில் கரைக்குப் போங்கள்; விருந்தினரையும் கூட்டிப் போகலாம். சோளகக் காலத்தில் வள்ளம் இறங்காத நாள் வரும். அதற்காகக் கருவாடு, முட்டை, பருப்பு, சோயா ஆகியவற்றை ஒரு வாரத்துக்கு இருப்பில் வையுங்கள். வறுத்த அரிசிமாவும், காய்ந்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவும் காற்றுப் புகாத தகரத்தில் இருந்தால், எந்த நேரம் எவர் வந்தாலும் புட்டோ கூழோ தயார். ஒடியற்கூழை மதியத்தில் வைக்காமல் மாலையில், எல்லோரும் சுற்றி இருந்து குடிக்கும்படி வையுங்கள். வந்தவர் போய்ச் சொல்லும் கதையாக அது இருக்கும். ஆனால் நண்டு, இறால் ஒவ்வாதவர் இருக்கிறாரா என்று முன்னரே கேளுங்கள். கூழில் எல்லாம் கலந்திருக்கும்.

எரிவாயுக் கொள்கலன் எப்போதும் இரண்டு. ஒன்று முடிந்த அன்றே வெற்றுக் கொள்கலனைப் படகுக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவதும் முடியும்வரை காத்திருந்தவர்கள் மழையில் பனைமட்டை தேடியிருக்கிறார்கள். மரக்கறிச் சாப்பாடு மட்டும் உண்பவருக்கும் விரத நாட்களுக்கும் மச்சம் படாத சட்டி, கரண்டி, வெட்டும் பலகை தனியாக இருக்கட்டும். கோயிலுக்கு வந்தவர் உங்கள் வீட்டில் தங்குவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது இந்தச் சட்டிதான்.

9. முன்பதிவும் முதற் செய்தியும்

பணம் கேட்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை பேர், வயதானவரோ நடக்க இயலாதவரோ இருக்கிறார்களா, தீவை விட்டுப் போன பிறகு உங்கள் அடுத்த பயணம் எப்போது? மூன்றாவது கேள்வியைத்தான் புதியவர்கள் கேட்பதில்லை. எங்களிடம் வந்த ஒரு குடும்பம், மறுநாள் இரவு கட்டுநாயக்காவில் விமானம் என்பதைச் சாப்பாட்டு மேசையில்தான் சொன்னது. காலையில் காற்று எழும்பியது. படகு இரண்டு நாள் ஓடவில்லை. அதன் பிறகு எங்கள் விதி: விமானம் பிடிக்கவேண்டியவர் இரண்டு முழு நாட்களுக்கு முன் தீவை விட்டுப் புறப்பட வேண்டும். ஒப்பாதவரை ஏற்பதில்லை.

உறுதிப்படுத்தியதும் ஒரே ஒரு செய்தியில் வழியை அனுப்புங்கள். யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்தில் 776 இலக்கப் பேருந்து, வேலணையும் புங்குடுதீவும் தாண்டிக் குறிகட்டுவான், அதற்கு ஒன்றரை மணித்தியாலமாவது ஒதுக்குதல், துறையில் நெடுந்தீவுப் படகு எது என்று கேட்டு ஏறுதல், கையில் காசு வைத்திருத்தல், மாவிலித்துறையில் யார் நிற்பார் என்பது, இவ்வளவும் போதும். படகு நேரத்தை நிரந்தரமாக அச்சிட்டு வைக்க வேண்டாம். அது மாறும். முதல் நாள் மாலை துறையில் விசாரித்து அன்றே அனுப்புங்கள்.

முற்பணமாகப் பாதியை வாங்கலாம். படகு ஓடாததால் வரமுடியாதவருக்கு அதைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது வேறு திகதிக்கு மாற்றுங்கள். காற்றுக்கு விருந்தினரிடம் தண்டம் அறவிடுவது நியாயமாகாது.

10. வந்த நாளும் தீவைக் காட்டுதலும்

காலைப் படகில் வந்து மாலைப் படகில் திரும்புபவரே நெடுந்தீவுக்கு அதிகம். அவர்கள் ஆட்டோவில் ஓடியோடி ஒல்லாந்தர் கோட்டை, பெருக்கமரம், குதிரைகள் என்று பார்த்து முடிக்கிறார்கள். உங்கள் விருந்தினர் வாங்கியிருப்பது அந்தக் கடைசிப் படகு போன பிறகு வரும் மாலையையும், முதற்படகு வருமுன் உள்ள விடியலையும். ஆகவே வந்தவுடன் சுற்றக் கூட்டிப் போகாதீர்கள். குளிர்ந்த மோர் கொடுத்து, குளிக்க வைத்து, சாப்பாடு போட்டு, உறங்கவிடுங்கள். நான்கரை மணிக்கு வெயில் தணிந்த பின் குதிரைகள் மேயும் தென்புறத்துக்குப் போகலாம். அங்கே 2015இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. குதிரைகளைத் துரத்திப் படம் எடுக்கக்கூடாது, உணவு கொடுக்கக்கூடாது என்பதைப் புறப்படுமுன் சொல்லுங்கள். அங்கே போய்ச் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

மது, உடை, இரவில் சத்தம் ஆகியவை பற்றிய உங்கள் வீட்டு ஒழுங்கை முன்பதிவுச் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். வாசலில் நின்று சொல்லும்போது அது மனத்தாங்கலாகிறது.

11. வீட்டார்

குடும்ப விடுதி என்று சொல்கிறோம். உழைப்பு பெரும்பாலும் அம்மா, மனைவி, அக்கா ஆகியோருடையது. அவர்களுக்கு மாதச் சம்பளம் என்று ஒரு தொகையைக் கொப்பியில் எழுதி, உண்மையாகவே கொடுங்கள். கொடுக்காவிட்டால் விடுதி இலாபம் காட்டுவது போலத் தோன்றும். அது அவர்களுடைய இலவச உழைப்பு மட்டுமே. சம்பளம் கொடுத்த பிறகும் மிஞ்சுவதே இலாபம்.

வீட்டாருக்கென்று விருந்தினர் நுழையாத ஒரு பகுதி வேண்டும்: ஓர் அறை, ஒரு விறாந்தைத் துண்டு, தனி மலசலகூடம். வாரத்தில் ஒரு நாள் எவரையும் ஏற்காதீர்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த மாதம் முழுவதும் மூடிவிடுவதே நல்லது.

இன்னொன்றை எவரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. நெருங்கிய உறவில் செத்தவீடு நடந்தால் துடக்கு உள்ள வீட்டில் விருந்தினருக்கு உலை வைக்க முடியாது. மனமும் இடம் கொடாது. ஆகவே உறவு முறையில் இல்லாத இன்னொரு வீட்டாருடன் முன்னரே பேசி, அவர்களுக்கு நேர்ந்தால் நாங்கள், எங்களுக்கு நேர்ந்தால் அவர்கள் எனச் சாப்பாட்டையும் அறையையும் மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். எங்களுக்கு இரண்டு முறை அது கைகொடுத்தது.

12. விலை

அறைக்கு ஒரு விலையும் சாப்பாட்டுக்கு ஆள்வீதம் ஒரு விலையும் எனப் பிரித்து வையுங்கள். செலவில் மீன், மரக்கறியோடு படகுக்கூலி, வீட்டார் சம்பளம், துருவுக்கும் பற்றரிக்குமான ஒதுக்கு ஆகியவற்றையும் சேருங்கள். கடைசியானதை விட்டவர்கள் ஐந்தாம் வருடத்தில் கூரைக்கும் பற்றரிக்கும் ஒன்றாகக் கடன் எடுத்தார்கள். உறவினருக்கு இலவசமா என்ற கேள்வி கட்டாயம் வரும். ஊரே உறவாக இருக்கும் தீவில் அதற்கு ஒரே விடை: சாப்பாடு எங்களுடையது, அறைக்குக் காசு.

13. படகு ஓடாத நாளும் அவசர வேளையும்

பிரதேச வைத்தியசாலை, பொலிஸ், படகோட்டிகள் இருவர், ஆட்டோக்காரர் ஆகியோரின் இலக்கங்களை ஒவ்வொரு அறையிலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். தீவில் வைத்தியசாலை இருந்தாலும் கடுமையான நோயாளரைக் கடல் தாண்டியே கொண்டுசெல்ல வேண்டும். ஆகவே இதய நோயாளருக்கும் பேறுகாலம் நெருங்கியவருக்கும் சோளகக் காலத்தில் வரவேண்டாம் என்று நேரடியாகச் சொல்லுங்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய படகில், உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் விருந்தினரை ஒருபோதும் ஏற்றிவிடாதீர்கள். அடுத்ததற்குக் காத்திருக்கச் செய்யுங்கள்.

காற்றினால் ஒருவர் மேலதிகமாகத் தங்க நேர்ந்தால், எங்கள் வீட்டில் அறைக்காசு வாங்குவதில்லை, சாப்பாட்டுக்கு மட்டும் வாங்குகிறோம். அந்த நாளில் அவரை அறைக்குள் கவலையோடு இருக்க விடாதீர்கள். காலையில் துறைக்குக் கூட்டிப் போய்க் கடலைக் காட்டுங்கள். தன் கண்ணால் அலையைப் பார்த்தவர் அதன் பிறகு உங்களிடம் படகு எப்போது என்று கேட்பதில்லை. திரும்பி வந்ததும் ஒடியல் மாவை நனைக்கச் சொல்லி, மீதியிருக்கும் பூசணியை வெட்டத் தொடங்குங்கள்.